மோட்டாரைக் குறித்த இடத்தில் நிறுத்துதல்

யந்திர விஷயம் பொறியியலாருக்கு உரியது, நமக்கு அதில் என்ன வேலை என்று அங்கத்தினர்கள் ஒதுக்கிவிடலாகாது. ஜக்கார்டுப் பெட்டியை இயக்கவும், வயலுக்கு நீர் விடும் வால்வைத் திறந்து மூடவும் மோட்டார்கள் வந்துவிட்டன. அவற்றை வாங்கச் செலவாவது சங்கத்தின் பொதுப் பணம். ஆகவே, மோட்டாரைக் குறித்த இடத்தில் நிறுத்தும் விதிகளை அறிந்து, ஏற்றதைத் தேர்வது நம் கடமையாகும்.

ராயபுரத்தை அடுத்த சென்னைத் துறைமுகத்தில் 1983 முதல் சரக்குப் பெட்டக முனையம் இயங்கிவருகிறது. நெசவாளர் துணி கடல் கடப்பதும் இத்தகைய பெட்டகங்களில்தான். பாரந்தூக்கியின் பிடிச்சட்டம், பெட்டகத்தின் நான்கு மூலைத் துளைகளிலும் ஒருசேரப் பொருந்த வேண்டும். கம்பி வடத்தில் தொங்கும் சுமையோ ஊசலாடும் இயல்புடையது. 25 மீட்டர் வடத்தில் தொங்குவது ஒரு முறை சென்று மீள ஏறக்குறைய 10 விநாடியாகும். மோட்டாரைத் திடீரென நிறுத்தினால் மேலே வண்டி நிற்கும். கீழே சுமை நில்லாது. அருகே ஆட்கள் இருப்பின் உயிருக்கே ஆபத்து.

நிறுத்தும் விதிகளுள் முதலாவது, எஞ்சிய தூரத்துக்கு ஏற்ப விசை தருவது. தூரம் குறையக் குறைய விசையும் குறையும். ஆனால் உராய்வோ சுமையோ எதிர்த்தால், மோட்டார் குறிக்குச் சற்று முன்பே நின்றுவிடும். எஞ்சிய குறையைக் கணந்தோறும் கூட்டி, அதற்கேற்ப விசையை வளர்ப்பது இரண்டாம் விதி. இது மிகுந்தால் குறியைத் தாண்டிவிடும். நெருங்கும் வேகத்தைக் கண்டு முன்னதாகவே தடுப்பது மூன்றாம் விதி. மூன்றும் சேர்ந்ததே பி.ஐ.டி. எனப்படும் முறை. கப்பலில் சுக்கான் பிடிப்போரின் கைத்திறனைக் கவனித்து, 1922-ல் நிக்கலாஸ் மினார்ஸ்கி இதனைக் கணித வடிவில் விளக்கினார். மூன்றின் அளவுகளையும் பொருத்தும் வழியை 1942-ல் ஸீக்லர், நிக்கல்ஸ் ஆகிய இருவர் வகுத்தனர்.

இனி, எதைத் தேர்வது? சுமை இலேசாகவும் மாறாமலும் இருப்பின், படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரே போதும். சுற்றுக்கு 200 படி வைப்பவை பெருவழக்கு; படியை எண்ணினால் இடம் தெரியும். ஆனால் நடுவே ஏதேனும் தடுத்துப் படி தவறினால், அது தானாக அறியாது. நீரழுத்தத்தால் சுமை மாறும் வால்வுக்கு, இருக்குமிடத்தை அளக்கும் கருவியும் பி.ஐ.டி. முறையும் பொருந்தும். தொங்கும் சுமைக்கு இதுவும் போதாது. ஊசலின் காலத்தை அறிந்து, மெல்லப் புறப்பட்டு மெல்ல நிற்கும்படி வேகத்தையும் வகுக்க வேண்டும்.

விலை மிகுந்த முறையே சிறந்தது என்று எண்ணலாகாது. அளவு பொருந்தாத பி.ஐ.டி., குறியைச் சுற்றி ஆடிக்கொண்டே இருந்து நூலை அறுத்துவிடும். விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்போம். எங்கள் சுமை மாறினால் இது தாங்குமா? குறியைத் தாண்டினால் தடுக்க என்ன ஏற்பாடு? மின்சாரம் போய் வந்தால் மோட்டார் தன் இடத்தை அறியுமா? நம் கூடத்திலேயே, முழுச் சுமையுடன் ஓட்டிக் காட்டிய பின்னரே பணம் கொடுப்பது சங்கத்துக்கு நலம் பயக்கும்.