அப்பா என்ன செய்கிறார்?

"சொந்த ஊர் எதுப்பா?" என்று தொடங்கும். ஊர்ப் பெயரைச் சொன்னதும், "ஊருக்குள்ளயா, தள்ளியா? எந்தத் தெரு?" என்று நீளும். அடுத்து, "அப்பா என்ன பண்றாரு?" வந்திருப்பது பெண் என்றால் இன்னொன்றும் சேரும்: "வீட்ல மாப்பிள்ளை பாக்குறாங்களா?" தனியார் வேலைக்கு நேர்காணலுக்குப் போய்வந்த நம் பிள்ளைகளுக்கு இவை புதிய கேள்விகள் அல்ல. கேட்பவர் பெரும்பாலும் கனிவாகவே கேட்கிறார். பதற்றத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கொஞ்சம் சகஜமாக்கத்தான் கேட்கிறோம் என்று அவரே நம்பவும் செய்யலாம். ஆனால் கணக்கு எழுதுவதற்கோ, லேத் ஓட்டுவதற்கோ, மென்பொருள் எழுதுவதற்கோ தெருப் பெயர் தேவைப்படுவதில்லை. வேலையிடத்தில் பாகுபாடு என்றதும் நமக்குச் சம்பளமும் பதவி உயர்வும்தான் நினைவுக்கு வருகின்றன. அதற்கெல்லாம் வெகு முன்பே, வாசற்படியில், இந்த நான்கைந்து கேள்விகளில் காரியம் முடிந்துவிடுகிறது. அதைத் தடுக்க வேண்டிய முதல் இடமும் அந்த நேர்காணல் அறைதான்.

இதை வெறும் மனக்குறை என்று ஒதுக்க முடியாது. சுக்தேவ் தோரட், பால் அட்டுவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 66 வாரங்கள் ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன விளம்பரங்களைச் சேகரித்தார்கள். 548 வேலைகளுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே படிப்பு, ஒரே அனுபவம். பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அடுத்த கட்டத்துக்கான அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. 2007-இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் இந்த முடிவுகள் வெளியாயின. நம் ஊரில் கதை கொஞ்சம் மாறும். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. இன்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலோர் பெயரில் ஓர் இனிஷியல்தான் இருக்கிறது. அது பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் பெயர் சொல்லாததைத்தான் ஊரும் தெருவும் அப்பாவின் தொழிலும் சொல்லிவிடுகின்றனவே. பெயரிலிருந்து நாம் அழித்ததை நேர்காணல் மேசையில் கேள்வி கேட்டு மீட்டெடுக்கிறார்கள்.

அதே காலத்தில் சுரிந்தர் ஜோத்கா, கேத்ரின் நியூமன் என்ற வேறு இரண்டு ஆய்வாளர்கள் டெல்லியில் பெரிய நிறுவனங்களில் ஆள் எடுக்கும் பொறுப்பிலிருந்த 25 மேலாளர்களிடம் பேசினார்கள். எங்களுக்குத் திறமைதான் முக்கியம், சாதி பார்ப்பதில்லை என்பதே அவர்களின் பொதுவான பேச்சு. அவர்களே குடும்பப் பின்னணியைக் கேட்பதாகவும் தயக்கமில்லாமல் சொன்னார்கள். ஒருவரின் பண்பு, வளர்ப்பு, உழைப்பு எல்லாம் குடும்பத்திலிருந்து வருகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். எனக்கு இந்த ஆய்வில் மிக முக்கியமாகப் படுவது இந்த இடம். யாரும் மனமறிந்து அநியாயம் செய்வதாக நினைக்கவில்லை. அப்பா வங்கி அதிகாரி, அம்மா ஆசிரியை என்று ஒரு பிள்ளை சொன்னால் 'நல்ல குடும்பம்' என்று மனதுக்குள் ஒரு மதிப்பெண் விழுகிறது. அப்பா கூலி வேலை என்று அடுத்த பிள்ளை சொல்லும்போது அந்த மதிப்பெண் விழுவதில்லை. உண்மையில் வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி அந்த நாற்காலிவரை வந்து சேர்ந்த பிள்ளையின் உழைப்புக்குத்தான் கூடுதல் மதிப்பெண் தர வேண்டும்.

கல்யாணக் கேள்விக்கு வருவோம். 2024 ஜூன் மாதம், ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் ஐபோன் பூட்டும் ஆலை ஒன்றில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த ஆலையில் நடந்தது எதுவாக இருந்தாலும், மணமான பெண் அடிக்கடி லீவு போடுவாள், பிள்ளை பெறப் போவாள், பயிற்சி கொடுத்த செலவு வீண் என்ற பேச்சு எல்லாத் தொழில்பேட்டையிலும் காதில் விழுவதுதான். இந்தப் பேச்சுக்கு உச்ச நீதிமன்றம் 1965-லேயே பதில் சொல்லிவிட்டது. ஒரு மருந்து நிறுவனத்தின் பேக்கிங் பிரிவில், திருமணமானால் வேலை போய்விடும் என்று பெண்களுக்கு மட்டும் ஒரு விதி. பெண்கள் குழுவாக உட்கார்ந்து பேக் செய்கிறார்கள், ஒருத்தி வராவிட்டால் குழுவே நின்றுவிடும், மணமானவர்கள்தான் அதிகம் வராமல் இருப்பார்கள் என்று நிறுவனம் வாதிட்டது. மணமாகாதவரையும் விதவையையும் விட மணமானவர் அதிகம் லீவு எடுப்பார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. வித்தியாசம் பிரசவ விடுப்பில் மட்டும்தான். அதற்குச் சில பேரை உபரியாக வைத்துக்கொண்டால் போதும் என்று கூறி விதியை ஏற்க மறுத்தது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்தும் அதே பேச்சு, அதே காரணங்களோடு, நடமாடுகிறது. வேலைக்கு ஆள் எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. அதன் இடத்துக்கு இயற்றப்பட்ட 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது.

சாதிக்கும் மதத்துக்கும் இந்தப் பாதுகாப்பு இதே அளவில் கிடையாது. அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு அரசு வேலைக்குத்தான் பொருந்தும். மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-லும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017-லும், திருநர்களுக்கு 2019-லும் வந்த சட்டங்கள் தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகின்றன. சாதிக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது குற்றவியல் சட்டம். 'உங்களைப் பிறகு கூப்பிடுகிறோம்' என்று சொல்லிக் கூப்பிடாமலே விட்டதை எந்தக் காவல் நிலையத்தில் போய் நிரூபிப்பது? முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006-இல் சமவாய்ப்பு ஆணையம் ஒன்றை அமைக்கப் பரிந்துரைத்தது. மாதவ மேனன் தலைமையிலான நிபுணர் குழு 2008-இல் சட்ட வரைவையே எழுதிக் கொடுத்தது. அது சட்டமாகவில்லை.

என் பணம், என் தொழில், எனக்கு நம்பிக்கையான ஆளை நான் எடுக்கக் கூடாதா என்று முதலாளிகள் கேட்பதில் ஒரு நியாயம் உண்டு. கல்லாவில் உட்காரப் போகிறவன் நம்பகமானவனா என்று சின்னக் கடைக்காரருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் அதைச் சொல்லக்கூடியவர் அவன் முன்பு வேலை பார்த்த இடத்துக்காரர்; அவரிடம் விசாரிக்கட்டும். தெருப் பெயரில் அந்த விவரம் இல்லை. நேர்காணல் கேள்விகளுக்குக் கட்டுப்பாடு வந்தால் திறமை அடிபட்டுப்போகும் என்று சொல்பவர்களுக்கு ஆராய்ச்சியே எதிராக நிற்கிறது. ஷ்மிட், ஹன்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஆள்தேர்வு பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 1998-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசிப் பார்ப்பதைவிட, யார் நன்றாக வேலை செய்வார் என்பதைச் சரியாகக் கணிக்கிறது என்பது அவர்கள் கண்டது. 2022-இல் சாக்கெட்டும் சகாக்களும் அந்தக் கணக்குகளை மறுபடி சரிபார்த்தார்கள். பல முறைகளின் மதிப்பு முன்பு நினைத்ததைவிடக் குறைந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் முதலிடம் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் முறைக்குத்தான் கிடைத்தது. குடும்பக் கதை கேட்டு ஆள் எடுப்பவர் திறமையைத்தான் இழக்கிறார்.

கேள்வியையே சட்டத்தால் கட்டுப்படுத்துவது நடக்கிற காரியமா என்ற சந்தேகம் வரலாம். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் 60-ஆவது பிரிவு இதைத்தான் செய்கிறது. வேலை தருவதாகச் சொல்லும் முன், சில விதிவிலக்குகள் தவிர, விண்ணப்பித்தவரின் உடல்நலத்தைப் பற்றி நிறுவனம் விசாரிக்கக் கூடாது. நம் சட்டத்திலும் ஊர், தெரு, பெற்றோர் தொழில், மதம், மணநிலை ஆகியவற்றுக்கு அப்படி ஒரு பிரிவு வர வேண்டும். வேலை உறுதியான பிறகு, பிஎஃப் படிவத்துக்கும் காப்பீட்டுக்கும் தேவையான விவரங்களைக் கேட்டுக்கொள்ளலாம். கேட்காமல் விட்டாலும் முகத்தையும் பேச்சையும் பார்த்து ஊகிப்பார்கள் என்பது மெய்தான். ஊகம் தப்பலாம், கேட்டு வாங்கிய பதில் தப்புவதில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சிலர் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். ஆள் எடுக்கும் குழுவில் உட்காருகிறவர்களே, அடுத்த நேர்காணலுக்கு முதல் நாள் உங்கள் கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இந்த வேலையின் எந்தப் பகுதிக்காக இதைக் கேட்கிறீர்கள் என்று குறியுங்கள். எதிரே எழுத ஒன்றும் கிடைக்காத கேள்வியை அடித்துவிட்டு உள்ளே போங்கள்.