சந்தன மணமும் தோலின் மணவேற்பிகளும்

முன்னுரை

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வகையால் பகுக்கும்போது மூன்றாம் அறிவை மூக்கிற்கு உரியதாக்குகிறது. மணமூலக்கூறுகளை ஏற்கும் புரதங்கள் தோல், விந்தணு முதலியவற்றிலும் உள்ளன என்கிறது இன்றைய உயிரியல். இவ்விரண்டும் முரண்படுகின்றனவா என்பதைச் சந்தன மணத்தின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

மூக்கில் நிகழ்வது

சந்தனக் கட்டையை இழைக்கும்போது ஆல்ஃபா சாண்டலால், பீட்டா சாண்டலால் முதலிய மூலக்கூறுகள் காற்றில் கலக்கின்றன. அவை நாசியின் மேற்பகுதியிலுள்ள சளிப்படலத்தில் கரைந்து, நரம்பணுக்களின் நுண்மயிர்களில் பதிந்துள்ள ஏற்பிகளை அடைகின்றன. இவ்வேற்பிகளுக்குரிய மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் இருவரும் 1991இல் வெளிப்படுத்தினர்; அதற்காக 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடம் செயல்படும் ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400.

ஏற்பியின் குழியில் மூலக்கூறு பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. அம்மாற்றம் உயிரணுவினுள் ஜி-புரதத்தைத் தூண்டுகிறது. அதனால் செயலூக்கம் பெறும் நொதி, சுழல் ஏஎம்பி என்னும் தூதுப்பொருளை ஆக்குகிறது. அது அயனி வாயில்களைத் திறக்க, சோடியமும் கால்சியமும் உட்புகுந்து மின்துடிப்பு எழுகிறது. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டும். ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இசையும். எழுத்துகள் கூடிச் சொல்லாவதுபோல், தூண்டப்பட்ட ஏற்பிகளின் சேர்க்கையே மூளையில் இன்ன மணம் என உணரப்படுகிறது.

தோலில் நிகழ்வது

மனிதத் தோலின் கெரட்டினோசைட் உயிரணுக்களில் ஓஆர்2ஏடி4 என்னும் மணவேற்பி உள்ளதை, ஜெர்மனியின் போகம் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டனர். சாண்டலோர் என்னும் செயற்கைச் சந்தன மணப்பொருள் அதைத் தூண்டியபோது உயிரணுவினுள் கால்சியம் உயர்ந்தது. ஆய்வுக்கூட வளர்ப்பில் உயிரணுக்கள் பெருகி நகர்ந்து, கீறலின் இடைவெளியை விரைந்து நிரப்பின. உடலுக்கு வெளியே பேணப்பட்ட தலைமயிர்க்கால்களில் அதே பொருள் வளர்ச்சிப் பருவத்தை நீட்டித்ததாக 2018இல் மற்றோர் ஆய்வு காட்டியது.

இம்முடிவுகளைச் சந்தனப் பூச்சின் மருத்துவப் பயனுக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. சாண்டலோர் சந்தன மரத்திலிருந்து பெறப்படுவதன்று. மணம் ஒத்திருப்பதாலேயே இரு மூலக்கூறுகளும் ஒரே ஏற்பியைத் தூண்டும் எனக் கொள்ளவும் இயலாது.

முடிவுரை

ஏற்றல் வேறு, அறிதல் வேறு. தோலின் ஏற்பி மூலக்கூறை ஏற்று உயிரணுவை இயக்குகிறது. அங்கே மணம் உணரப்படுவதில்லை. மூக்கின் ஏற்பிகள் எழுப்பும் துடிப்பு மூளையை அடையும்போதே நாற்ற உணர்வு பிறக்கிறது. ஆதலால் மரபியலின் பகுப்பைப் புதிய உயிரியல் மறுக்கவில்லை. அப்பகுப்பு மூலக்கூற்று அறிவை முன்னுணர்ந்தது என்றும் கூற இடமில்லை. தொல்காப்பியம் பேசுவது புலனறிவை. உயிரியல் இங்குப் பேசுவது ஏற்பியின் செயலை. இவ்வேறுபாட்டைப் பேணுவது இலக்கிய–அறிவியல் ஒப்பாய்வுக்கு இன்றியமையாதது.