வான்படத்தில் ஒரு கோடு

நிலவில்லாத இரவில் ஒளிப்படக் கருவியை முக்காலியில் பொருத்தி, அதன் ஷட்டரை முப்பது நொடிகள் திறந்து வைத்தால், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்களும் படத்தில் பதிந்துவிடுகின்றன. அவற்றின் ஊடே சில வேளைகளில் ஒரு வெண்கோடும் காணப்படும். படம் எடுத்தவர் அந்நேரத்தில் வானில் எதனையும் கண்டிருக்க மாட்டார். அக்கோடு எரிமீனா, விமானமா, பெயரறியாத பிறிதொரு பொருளா என்னும் ஐயம் எழுவது இயல்பே. இன்னதென்று உறுதியாகக் கூற இயலுமா எனின், பெரும்பாலும் இயலும். அதற்குக் கோட்டினை மட்டும் நோக்குதல் போதாது. அது பதிந்த நேரத்தையும் நோக்குதல் வேண்டும்.

கண் ஒவ்வொரு கணத்தையும் தனித்தனியே காண்கிறது. கருவியோ, ஷட்டர் திறந்திருந்த நேரம் முழுவதையும் ஒரே பரப்பின்மீது அடுக்கிவிடுகிறது. அசையாத ஒளி புள்ளியாகவும் அசையும் ஒளி கோடாகவும் பதிகின்றன. எனவே படத்தில் தெரிவது பொருளின் வடிவமன்று. அது கடந்து சென்ற வழி. இதனை மறந்தவர்களே, நீண்ட குழல் போன்ற ஒரு பொருள் வானில் பறந்ததாகச் செய்தி பரப்புகின்றனர்.

விண்மீன்களும் இவ்வாறு கோடாவதுண்டு. புவி தன்னைத்தானே சுற்றுவதால் வானம் மணிக்கு 15 பாகை வீதம் நகர்வதுபோல் தோன்றுகிறது. முப்பது நொடியில் ஒரு விண்மீன் நகரும் அளவு முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. அகன்ற காட்சியில் அது புள்ளியாகவே தெரியும். அரைமணி நேரம் திறந்து வைத்தால் அதுவே ஏழரைப் பாகை அளவுள்ள வில்லாக வளையும். வில்கள் யாவும் வான்துருவத்தை மையமாகக் கொண்டு அமைவதால் இதில் மயக்கத்திற்கு இடமில்லை. எல்லா விண்மீன்களும் ஒரே வடிவக் கொக்கிகளாகத் தோன்றினால், அது முக்காலி அசைந்ததன் விளைவு.

எரிமீனும் செயற்கைக்கோளும்

பெரிதும் மயங்கவைப்பவை எரிமீனும் செயற்கைக்கோளுமே. விண்வெளித் துகள்கள் நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் காற்று மண்டலத்துள் புகுந்து, பெரும்பாலும் 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிவிட்டு அழிகின்றன. இந்நிகழ்வு பல வேளைகளில் ஒரு நொடிகூட நீடிப்பதில்லை. மெல்லத் தோன்றி, பொலிந்து, திடுமென மறைவதால் எரிமீனின் தடம் நூல் நூற்கும் கதிரைப்போல் முனைகளில் கூர்ந்தும் இடையில் பருத்தும் இருக்கும். விரைந்து வருபவற்றின் தடத்தில் பசுமை நிறம் படிந்திருப்பதும் உண்டு. காற்று மண்டல ஆக்சிஜன் வெளியிடும் ஒளியே அப்பசுமை.

செயற்கைக்கோளுக்கு இந்த ஏற்ற இறக்கம் இல்லை. அதற்குத் தன்னொளி கிடையாது. கதிரவனின் ஒளியைப் பெற்று அது திருப்பி அனுப்புகிறது. ஆதலின் தடம் ஒரே சீரான பருமனுடன் நீள்கிறது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையம் தலைக்கு நேர்மேலே செல்லும்போது நொடிக்கு ஒரு பாகைக்குச் சற்று மிகுதியாக நகர்கிறது. முப்பது நொடிப் படத்தில் அது வானின் ஒரு பெரும்பகுதியைக் கடந்துவிடும். அடுத்தடுத்து எடுத்த படங்கள் இருப்பின் ஐயம் எளிதில் தீரும். முதற்படத்தில் கோடு முடிந்த இடத்திற்குச் சிறிது தள்ளி, அதே நேர்கோட்டில், இரண்டாம் படத்தில் மீண்டும் கோடு தொடங்கினால் அது செயற்கைக்கோளே. எரிமீன் ஒரே படத்தோடு முடிந்துவிடும்.

சீரான கோடு நடுவானில் மங்கிச் சிவந்து மறைவதையும் சில படங்களில் காணலாம். அது எரிந்தொழிந்த பொருளன்று. புவியின் நிழலுக்குள் நுழைந்த செயற்கைக்கோள். மாலைக்குப் பின்னரும் விடியலுக்கு முன்னருமே இத்தகைய கோடுகள் மிகுதியாகப் பதிவதும் இதனாலேயே. நள்ளிரவில் தாழ்வான சுற்றுப்பாதையில் உள்ளவற்றுட் பெரும்பாலானவை நிழலுள் மூழ்கியிருக்கும். கட்டுப்பாடிழந்து உருளும் ராக்கெட் பகுதியோ ஒரே இடைவெளியில் ஒளிர்ந்தும் மங்கியும் முத்துச்சரம்போல் பதியும்.

விமானத்தை வேகத்தால் பிரித்தறியலாம் என எண்ணுவது பிழை. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானமும், அதனினும் முப்பது மடங்கு விரைந்து செல்லும் விண்வெளி நிலையமும் தொலைவு வேறுபாட்டினால் கண்ணுக்கு ஏறக்குறைய ஒத்த வேகத்தில் நகர்வனபோல் தோன்றும். மின்னும் விளக்குகள் இடும் புள்ளிவரிசையும், இடச்சிறகின் சிவப்பும் வலச்சிறகின் பச்சையும் விமானத்தைக் காட்டிக்கொடுக்கும். இவையன்றி, வானத்திற்கே தொடர்பில்லாத கோடுகளும் உள. காஸ்மிக் கதிர்த் துகள் ஒன்று கருவியின் ஒளியுணரியை நேரே தாக்கினால் கூர்மையான சிறுகீற்று பதியும். அது கண்ணாடி வில்லை வழியே வராமையால், விண்மீன்களின் உருவில் காணப்படும் மென்மையான விளிம்பு அதற்கு இராது.

கூடலூர் கிழாரின் குறிப்பு

நேரம், இடம், திசை ஆகிய மூன்றும் குறித்து வைக்கப்படாத படத்தைக்கொண்டு ஆய்வது கடினம். இம்மூன்றின் அருமையைத் தமிழ்ப் புலவர் ஒருவர் நன்கு உணர்ந்திருந்தார். புறநானூற்றின் 229ஆம் பாடலில் கூடலூர் கிழார் ஒரு மீன் வீழ்ந்ததைப் பாடுகிறார். பங்குனித் திங்கள், இருள் செறிந்த நடு இரவு, உச்சியில் இருந்த மீன் சாய்ந்தமை, அதற்கு எதிரே ஒரு மீன் எழுந்தமை, பிறிதொன்று மறைந்தமை, வீழ்ந்த மீன் கிழக்கிலும் வடக்கிலும் செல்லாமை என அனைத்தையும் அவர் குறித்துள்ளார். அதன் ஏழாம் நாள் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தான். மீன் வீழ்தலை மன்னனின் இறப்போடு இயைத்தது அக்கால நம்பிக்கை. கண்டதைக் குறித்த முறையோ இக்கால வானியலார்க்கும் உடன்பாடானதே.

பெர்சியஸ் மண்டலத்து ஒளி

குறிப்பு இருந்தும் முடிவு தவறக்கூடும். 1980களின் நடுவில் கனடாவைச் சேர்ந்த வான்நோக்கர் சிலர், பெர்சியஸ் விண்மீன் குழுவின் அருகே நொடிப்பொழுது தோன்றி மறையும் ஒளிகளைக் கண்டனர். 1985 மார்ச் 19 அன்று ஒளிப்படத்திலும் அத்தகைய ஒளி பதிந்தது. அதுவரை அறியப்படாத வான்பொருள் ஒன்றின் வெடிப்பாக இருக்கலாம் என ஆய்விதழில் கட்டுரை வெளிவந்தது. காமாக் கதிர் வெடிப்புகளின் மூலம் புரியாதிருந்த காலம் அது. ஆதலால் இச்செய்தி ஆர்வத்தைத் தூண்டியது. 1987இல் பால் மேலி என்பவர், அந்நாளில் அந்நேரத்தில் காஸ்மாஸ் 1400 என்னும் சோவியத் செயற்கைக்கோள் அவ்விடத்தைக் கடந்து சென்றதைக் கணக்கிட்டுக் காட்டினார். அதன் தட்டையான பரப்பொன்றில் பட்ட கதிரொளி கண்ணாடியில் பட்டதுபோல் ஒரு கணம் மின்னியிருந்தது. ஒளி நிலைத்த நேரம் மிகக் குறைவாதலின் கோடாக நீளாமல் புள்ளியாகவே பதிந்து, விண்மீனோ என மயங்கவைத்தது.

அவ்வொளியை நூறு கிலோமீட்டர் தொலைவில் வேறொரு கருவியும் படம் பிடித்திருந்தால் மயக்கம் அன்றே தீர்ந்திருக்கும். கையை நீட்டி, கட்டைவிரலை ஒவ்வொரு கண்ணாலும் மாறிமாறி நோக்கினால் விரல் இடம்பெயர்வதுபோல் தோன்றும். தொலைவில் உள்ள மரம் அவ்வாறு பெயர்வதில்லை. வானிலும் அண்மையில் உள்ளது மட்டுமே இரு படங்களில் விண்மீன்களுக்கிடையே வெவ்வேறு இடத்தில் தோன்றும்.

இந்த எளிய உண்மை 1959 ஏப்ரல் 7 அன்று செக்கோஸ்லோவாக்கியாவில் பெரும்பயன் அளித்தது. அன்றிரவு வீழ்ந்த பேரொளி எரிமீன் ஒன்று, வெவ்வேறு இடங்களில் நிறுவப்பட்டிருந்த வானியல் கருவிகளில் பதிந்தது. கருவிகளின் முன் சுழலும் தகடு ஒளியை ஒழுங்கான இடைவெளியில் மறைத்ததனால், தடம் சிறுசிறு துண்டுகளாக அறுபட்டிருந்தது. துண்டுகளின் நீளம் வேகத்தைத் தந்தது. இரு நிலையங்களின் படங்கள் உயரத்தைத் தந்தன. கோட்டினைக் கீழ்நோக்கி நீட்டியபோது பிரீப்ராம் நகரின் அருகே தேட வேண்டிய பகுதி தெரிந்தது. நான்கு விண்கற்கள் கிடைத்தன. மேல்நோக்கி நீட்டியபோது, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட சிறுகோள் பட்டையை எட்டும் சுற்றுப்பாதை வெளிப்பட்டது. கையில் ஏந்திய விண்கல் ஒன்று எவ்வழியே வந்தது என்பது ஒளிப்படங்களால் அறியப்பட்டது அதுவே முதன்முறை.

நீக்குவதும் காப்பதும்

தொலைநோக்கி விண்மீன்களைப் பின்தொடர்ந்து மெல்லத் திரும்புமாறு அமைக்கப்பட்டால் விண்மீன்கள் புள்ளிகளாகவே நிற்கும். அவற்றிடையே ஊர்ந்து செல்லும் சிறுகோள் மட்டும் குறுங்கோடாகும். இவ்வழியில் 1891 டிசம்பர் 22 அன்று ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் மாக்ஸ் வுல்ஃப் புரூசியா என்னும் சிறுகோளைக் கண்டறிந்தார். ஒளிப்படத்தின் துணையால் கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் அது. வான்படங்களில் சிறுகோள்களைத் தேடும் அப்பணி தமிழகத்திலும் நடைபெற்றது. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான்நோக்கு நிலையத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று இராஜமோகன் கண்டறிந்த சிறுகோள், கணிதமேதை இராமானுஜனின் பெயரைத் தாங்கிச் சுற்றிவருகிறது.

2019 மே மாதத்தில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் அறுபது ஒரே ஏவலில் விண்ணுக்குச் சென்றன. அடுத்த சில நாட்களிலேயே வானியலார் படங்களில் இணைகோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பதிந்தன. அதன்பின் ஏவப்பட்டவை பல ஆயிரம். ஒரே பகுதியைப் பலமுறை படமெடுத்து, ஒரு படத்தில் மட்டும் உள்ள கோட்டினைக் கணினியால் நீக்குவது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு நீக்கும்போது சிறுகோளின் தடமும் சேர்ந்தே அழியலாம். புவியை நெருங்கிவரும் பாறையின் தடம் அவற்றுள் ஒன்றாக இருப்பின், அவ்விழப்பு சிறிதன்று.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் இருபதாண்டுப் படங்களைத் தன்னார்வலர் பல்லாயிரவர் கணினித் திரையில் மீண்டும் ஆராய்ந்தனர். அவர்கள் அடையாளம் காட்டிய தடங்களைக்கொண்டு கணினிக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. முடிவில் 1,700 சிறுகோள் தடங்கள் வெளிப்பட்டன. அவற்றுள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை அறியப்பட்ட எந்தச் சிறுகோளோடும் பொருந்தவில்லை. அத்தடங்களுட் பல நேராக அமையாமல் வளைந்திருந்தன. புவியைச் சுற்றிவரும் ஹப்பிள் படமெடுக்கும் நேரத்திலேயே இடம் மாறிக்கொண்டிருப்பதால், அண்மையில் உள்ள சிறுகோளின் தடம் மிகுதியாகவும் தொலைவில் உள்ளதன் தடம் குறைவாகவும் வளையும். அவ்வளைவினை அளந்தே சிறுகோள்களின் தொலைவு கணிக்கப்படுகிறது.