மூலப் பதிவைத் தொடாதீர்கள்

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வருகிறது. அங்கே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே, இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 இரவு, அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கி யுரேனஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடக்கவிருந்த இரவு அது. கோள் நெருங்குவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த ஒளியளவுப் பதிவை ஆராய்ந்து, யுரேனஸின் புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கே போயிருக்க வேண்டும் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

அதே நிகழ்வை வானியலாளர் ஜேம்ஸ் எலியட் குழுவினர் விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியால் பார்த்தார்கள். கோளுக்கு இருபுறமும் ஒளி பலமுறை மங்கியது அவர்களுடைய பதிவில் தெரிந்தது. குறுக்கே வந்தவை வளையங்கள் என்று புரிந்தது. காவலூர் பதிவையும் இந்தப் புது வெளிச்சத்தில் மறுபடி படித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள், சனிக்கு இருப்பது போன்ற வளைய அமைப்பு யுரேனஸுக்கும் உண்டு என்ற கட்டுரையைப் பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் அதே இதழில் வெளியிட்டார்கள்.

அந்த இரவு திரும்பி வராது. பதிவு எடுத்தது எடுத்தபடியே இருந்ததால்தான் அதற்குச் சொன்ன விளக்கத்தைத் திருத்திக்கொள்ள முடிந்தது. வீட்டில் சேமிப்பு சர்வர் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த ஒழுக்கம் தேவைப்படும் நாள் வரும். ஒருநாள் காலையில் சர்வர் கிளம்பாது. கிளம்பினாலும் 'கோப்பு முறைமையில் பிழை' என்று திரையில் எழுதிக்காட்டும். அடுத்த அரை மணி நேரத்தில் நாம் செய்வதைப் பொறுத்தே பல ஆண்டுப் படங்களும் கணக்குகளும் பிழைக்கும் அல்லது போகும்.

டிஸ்க்குக்குள் என்ன இருக்கிறது?

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸை ஏற்றி, இரண்டு ஹார்டு டிஸ்க்கை மாட்டினால் வீட்டு சர்வர் தயார். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறைக்கு அளவு வரைபடங்களும் ஜி.எஸ்.டி. கணக்கும் அதில் இருக்கலாம். ஸ்டுடியோக்காரருக்குக் கல்யாண வீடியோக்கள். எல்லா வீட்டுக்கும் குழந்தைகளின் படங்கள்.

இவை டிஸ்க்கில் 4,096 பைட் கொண்ட துண்டுகளாகப் பிரித்து எழுதப்படுகின்றன. எந்தக் கோப்பின் துண்டுகள் எங்கெங்கே உள்ளன, அளவு என்ன, தேதி என்ன என்பதை 'ஐநோடு' என்ற சிறு பதிவு வைத்திருக்கிறது. கோப்பின் பெயர் அதில் இருக்காது. 'இந்தப் பெயருக்கு இந்த எண்ணுள்ள ஐநோடு' என்ற குறிப்பு மட்டும் ஃபோல்டரில் இருக்கும். மொத்த அமைப்பின் அடிப்படை அளவுகள் 'சூப்பர்பிளாக்'கில் இருக்கின்றன. படம், அதன் ஐநோடு, அதன் பெயர் ஆகிய மூன்றும் தனித்தனி இடங்களில் கிடப்பதால் ஒன்று கெட்டாலும் மற்றவை பிழைத்திருக்கக்கூடும். மீட்புக்கு இருக்கும் வழியெல்லாம் இந்தப் பிரிவினையால் கிடைத்தது.

கெடுவதும் இதனால்தான். புதிதாக ஒரு படம் சேர்க்கும்போது பல இடங்களில் எழுத வேண்டும். பாதி எழுதியிருக்கையில் கரண்ட் போனால், ஓரிடத்தில் எழுதிய கணக்கு இன்னோரிடத்துக் கணக்கோடு ஒத்துப்போகாது. இதற்காக வந்த ஏற்பாடுதான் ஜர்னல். கடையில் நடப்பை முதலில் சிட்டையில் எழுதிவிட்டுப் பிறகு பேரேட்டில் ஏற்றுவது போல, கோப்பு முறைமையும் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஜர்னலில் எழுதுகிறது. மறுபடி கரண்ட் வந்ததும் ஜர்னலைப் பார்த்துக் கணக்கை நேர் செய்துகொள்கிறது. 2008இல் லினக்ஸில் நிலைபெற்ற 'எக்ஸ்ட்4' இப்படித்தான் இயங்குகிறது.

ஆனால் வழக்கமான அமைப்பில் எக்ஸ்ட்4 ஜர்னலில் எழுதுவது ஐநோடு, ஃபோல்டர் போன்ற கணக்குகளை மட்டுமே. படத்தின் உள்ளடக்கம் அதில் ஏறுவதில்லை. மேலும், டிஸ்க் தன் உள்நினைவில் வைத்திருப்பதை 'எழுதியாயிற்று' என்று சொல்லிவிட்டால், கரண்ட் போகும்போது ஜர்னலின் வரிசையே குலைந்துவிடும். அதனால் ஜர்னல் இருந்தும் கோப்பு முறைமை கெடுவது உண்டு.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

பிழைச் செய்தி வந்தவுடன் சர்வரில் எழுதுவதை நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டாம். கோப்பு முறைமை கெட்டதா, அதைத் தாங்கும் டிஸ்க் கெட்டதா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

லினக்ஸின் கெர்னல் பதிவேட்டைப் பார்த்தால் படிக்க முடியாமல் போன இடங்கள் தெரியும். அடுத்து, ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னைப் பற்றித் தானே எழுதிவரும் 'ஸ்மார்ட்' அறிக்கையைப் பாருங்கள். அதில் மூன்று எண்கள் முக்கியம். 'ரீஅலோகேட்டட் செக்டர்' என்பது கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கப்பட்ட இடங்கள். 'பெண்டிங் செக்டர்' என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடங்கள். இவை ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்ப முடியாது. மூன்றாவதான 'சி.ஆர்.சி. எர்ரர்' மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கில் குறையில்லை. அதற்குப் போகும் சாட்டா கேபிளில்தான் கோளாறு. சில நூறு ரூபாய் கேபிளை மாற்றாமல் டிஸ்க்கைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. சர்வரின் ரேம் பழுதானாலும் சரியான தரவு தவறாகவே எழுதப்படும். ஆகவே ரேம் சோதனையும் அவசியம்.

பிரதி எடுங்கள், பிரதியில் வேலை செய்யுங்கள்

பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். கெட்டது என்று தெரிந்ததும் 'எஃப்.எஸ்.சி.கே.' என்ற பழுதுநீக்கும் கட்டளையை ஓட்டி, கேட்கும் கேள்விக்கெல்லாம் 'ஆம்' என்று சொல்லிவிடுகிறார்கள். யுனிக்ஸ் காலத்திலிருந்து வரும் நல்ல கருவிதான் அது. ஆனால் அதன் வேலை கோப்பு முறைமையை முரணில்லாமல் ஆக்குவது. உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அதன் பொறுப்பில் வராது. ஒரு ஐநோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதை அழித்துவிட்டாலும் அதன் கணக்குக்கு முரண் தீர்ந்துவிடும். டிஸ்க்கே செத்துக்கொண்டிருந்தால், இந்த எழுதும் வேலை அதை இன்னும் சீக்கிரம் சாய்த்துவிடும்.

ஆகவே கெட்ட டிஸ்க்கின் அளவோ அதற்கு மேலோ உள்ள இன்னொரு டிஸ்க்கை வாங்கி, முழுவதையும் பைட்டுக்குப் பைட் நகலெடுங்கள். இதற்கு 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவசக் கருவி உண்டு. சுலபமாகப் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிடும். அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசியில்தான் முயலும். எதுவரை எடுத்தது என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொள்வதால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகலெடுத்ததும் மூல டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிடுங்கள்.

இனி எல்லா முயற்சியும் நகலில். முதலில் படிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில் திறந்து பாருங்கள். இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'படிக்க மட்டும்' என்று சொன்னாலும் எக்ஸ்ட்4 ஜர்னலில் மிச்சமிருப்பதை எடுத்து டிஸ்க்கில் எழுதிவிடும். 'நோலோட்' என்ற விருப்பத்தையும் சேர்த்தால்தான் கையைக் கட்டிக்கொண்டிருக்கும். திறந்துவிட்டால், தேவையானவற்றை வேறிடத்துக்கு உடனே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

திறக்கவே இல்லை என்றால் சூப்பர்பிளாக் கெட்டிருக்கலாம். எக்ஸ்ட்4 அதன் பிரதிகளை டிஸ்க் நெடுகப் பல இடங்களில் வைத்திருக்கிறது. 4,096 பைட் துண்டுகள் கொண்ட டிஸ்க்கில் அவை பொதுவாக 32768, 98304, 163840 என்ற எண்ணுள்ள இடங்களில் இருக்கும். அவற்றில் ஒன்றைக் காட்டி எஃப்.எஸ்.சி.கே.யை ஓட்டலாம். முதலில் எதையும் எழுதாமல் பிழைகளை மட்டும் சொல்லும் முறையில் ஓட்டிப் பாருங்கள். சில நூறு பிழை என்றால் திருத்தலாம். லட்சக்கணக்கில் கொட்டினால் நிறுத்திவிட்டு, வேறு மீட்புக் கருவிகளை முயலுங்கள்.

பெயரிழந்த கோப்புகள்

பழுதுநீக்கிய பிறகு 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற ஃபோல்டரில் வெறும் எண்களே பெயராகக் கொண்ட கோப்புகள் கிடக்கும். பெயரைச் சொன்ன ஃபோல்டர் போய்விட்டது. ஐநோடும் உள்ளடக்கமும் தப்பிவிட்டன. அவற்றைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் ஒரே விதமான பைட்டுகளோடு தொடங்குவதால் படம் எது என்று கருவிகள் கண்டுபிடித்துவிடும். எடுத்த தேதியும் கேமராவின் பெயரும் பெரும்பாலும் படத்துக்குள்ளேயே இருக்கும்.

வானியலாளர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். உலகத் தொலைநோக்கிகள் பொதுவாகப் பயன்படுத்தும் 'ஃபிட்ஸ்' கோப்பு வடிவம் 1981இல் அறிவிக்கப்பட்டது. அதன் தலைப்பகுதி 80 எழுத்து கொண்ட வரிகளாக, எந்த எடிட்டரிலும் படிக்கக்கூடிய எளிய எழுத்தில் இருக்கும். எந்தத் தொலைநோக்கி, எந்த விண்மீன், எந்த நேரம் என்பதை அங்கேயே எழுதிவைக்கலாம். கோப்பின் பெயர் தொலைந்தாலும் அது எந்த இரவின் பதிவு என்று அதுவே சொல்லும். உள்ளடக்கம் மாறவில்லை என்று உறுதிசெய்யும் செக்சம் எண்ணையும் அதில் சேர்க்கலாம்.

கோடைக்கானல் வானாய்வகம் 1904 முதல் கண்ணாடித் தகட்டிலும் ஃபிலிமிலும் எடுத்த சூரியப் படங்களை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் டிஜிட்டலாக மாற்றியிருக்கிறது. அவற்றை வைத்துத்தான் சூரியனின் நூற்றாண்டு நடத்தையை இன்று ஆராய்கிறார்கள். தகடுகள் சுமந்த நூறு ஆண்டுகளை இனி டிஸ்க்குகள் சுமக்க வேண்டும்.

ஓசையில்லாமல் கெடுவது

பிழைச் செய்தி காட்டும் டிஸ்க்காவது எச்சரிக்கிறது. எச்சரிக்காமல் மாறும் பைட்டுகள் அதைவிட ஆபத்தானவை. ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம் தன் சேமிப்பகத்தில் எழுதிய தரவையே திரும்பப் படித்துச் சரிபார்த்து, யாருக்கும் தெரியாமல் கெட்டவை இருப்பதை 2007இல் வெளியிட்டது. எக்ஸ்ட்4 தன் கணக்குகளுக்குச் செக்சம் வைக்கலாம். உங்கள் படங்களுக்கு வைப்பதில்லை. 'இசட்.எஃப்.எஸ்.', 'பி.டி.ஆர்.எஃப்.எஸ்.' ஆகிய முறைகள் ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் வைத்துப் படிக்கும்போதெல்லாம் ஒப்பிடுகின்றன. இரண்டு டிஸ்க்கில் இரட்டைப் பிரதி இருந்தால், கெட்டதை நல்லதைக் கொண்டு தாமே திருத்திக்கொள்கின்றன.

ஆனால் இரட்டை டிஸ்க் கொண்ட 'ரெய்டு' அமைப்பை பேக்கப் என்று நம்பிவிடக் கூடாது. ஒன்றில் தவறி அழித்தால் அந்த நொடியே மற்றதிலும் அழியும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய விதி. ஆலங்காயத்து வீட்டில் உள்ளதன் பிரதி ஒரு டிஸ்க்கில் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

கரண்ட் போனதும் சர்வரை ஒழுங்காக நிறுத்தச் சொல்லும் யு.பி.எஸ். ஒன்று வேண்டும். மாதம் ஒருமுறை ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். செக்சம் உள்ள அமைப்பானால் அதே நாளில் முழுச் சோதனையையும் ஓட்டுங்கள். பேக்கப் டிஸ்க்கிலிருந்து ஏதாவது பத்துக் கோப்புகளைத் திறந்து, அவை திறக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். பழுது வராமல் தடுக்க எந்த வீட்டாலும் முடியாது. பழுது வந்த அன்று அழியாத பிரதி ஒன்று இருக்கும்படி பார்த்துக்கொள்ள எல்லா வீட்டாலும் முடியும்.