மூக்கு திறக்கிறதா, மூளை நம்புகிறதா?

அப்புத்தளை, பண்டாரவளைச் சரிவுகளில் யூக்கலிப்டஸ் மரங்களைப் பார்க்காமல் நடக்க முடியாது. லயங்களில் சளி பிடித்தால் அந்தத் தைலத்தைத்தான் நெஞ்சில் தேய்க்கிறார்கள்.

அதன் மணத்துக்குக் காரணம் சினியோல். அது எளிதில் ஆவியாகும். உடல்சூட்டில் எழும் ஆவி மூக்கை எட்டுகிறது. கடையில் வாங்கும் களிம்புகளில் இருக்கும் மென்தால் செய்வது இன்னும் வியப்பானது. நரம்பு முனைகளில் குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்ற புரதத்தை அது தூண்டுகிறது. அடைப்பு அப்படியே இருக்க, காற்று தாராளமாகப் போவதாக மூளை உணர்கிறது. இந்தப் புரதத்தைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியன் இருவரும் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள்.

ஆக, களிம்பு சளியைக் குணமாக்காது. ஆனால் இருமலால் விழித்திருக்கும் பிள்ளை தூங்கினால் அதுவே பெரிய உதவி. அமெரிக்காவில் 2 முதல் 11 வயதுவரையான 138 பிள்ளைகளிடம் நடந்து, 2010இல் வெளியான ஆய்வில், கற்பூரம், மென்தால், யூக்கலிப்டஸ் கலந்த களிம்பு பூசியவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். சிலருக்குத் தோல் எரிந்தது.

வீட்டில் செய்ய, 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 2 மில்லி தைலம் போதும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகையில் உருகும். அதனால் அப்புத்தளைக் குளிரில் தானாகவே உறையும். தாழ்ந்த பதுளை நகரில் தேன்மெழுகு சேர்க்க வேண்டும். மெழுகை உருக்கி, சூடு தணிந்த பிறகே தைலம் விட வேண்டும். இல்லாவிட்டால் மணம் காற்றோடு போய்விடும்.

2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இது வேண்டவே வேண்டாம். மூக்கினுள் யாருக்கும் பூசக்கூடாது. யூக்கலிப்டஸ் தைலமோ கற்பூரமோ சிறிதளவு விழுங்கினாலும் பிள்ளைக்கு வலிப்பு வரலாம். போத்தலை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.