வெயிலும் வேண்டும், துணையும் வேண்டும்



ஓசூர் தொழிற்பேட்டைப் பக்கம் வாடகை அறைகளில் குடியிருக்கும் இளந்தாய்மாரைப் பிரசவ வார்டில் ஜெபிக்கச் சந்திக்கிறோம். வீடு திரும்பியபின், கணவர் ஷிப்டுக்குப் போனால் தாயும் சேயும் மூடிய அறையில் தனியே. அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது விசுவாசக்குறைவு அல்ல, நோய்.

வெயில் படும்போது தோலில் வைட்டமின் டி உண்டாகிறது. இச்சத்துக் குறைந்த தாய்மாரிடம் இந்நோய் அதிகம் என்று சில ஆய்வுகள் கூறுகின்றன. குறைவுதான் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை. குறைவிருந்தால் மருந்து கொடுப்பது நன்று. ஆனால் அது மனச்சோர்வு சிகிச்சைக்கு ஈடாகாது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் கணியம்பாடி வட்டாரத்தில் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆய்வில், பிரசவித்த 100 பேரில் சுமார் 11 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. வறுமை, மகனை எதிர்பார்த்து மகள் பிறப்பது, மாமியாரோடு பிணக்கு, உதவிக்கு ஆளில்லாமை ஆகியவை அதனோடு சேர்ந்திருந்தன. இவற்றை மாத்திரை நீக்காது.

சாகவேண்டுமென்று சோர்ந்த எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்து மறுபடியும் உறங்கவிட்டான். உங்கள் காணிக்கைக்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். இன்னும் ஒன்று கேட்கிறோம்: சபையில் பிள்ளைபெற்ற சகோதரியின் வீட்டுக்குப் போய், குழந்தையை வாங்கிக்கொண்டு, அவளை ஒரு மணி நேரம் உறங்கவிடுங்கள். சாக நினைப்பதாகவோ குழந்தைக்குத் தீங்கு செய்ய நினைப்பதாகவோ அவள் சொன்னால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.