நினைவகம் கூடிற்று, கணனி ஏன் படுத்தது?

விண்டோஸ் 10இற்கான வழமையான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அதன்பின் ஒஸ்லோவிலும் திராமனிலும் உள்ள நம்மவர் வீடுகளில், புதுக்கணனி வாங்குவதா, பழையதற்கே மேலதிக நினைவகம் பூட்டிச் சமாளிப்பதா என்ற கேள்வி எழுந்தது. விண்டோஸ் 11 கேட்பது குறைந்தது 4 ஜிகாபைற் நினைவகம். நடைமுறையில் அது போதாது. ஆகவே நினைவகத் தகடொன்றை வாங்கிப் பூட்டுவது சிக்கனமான வழியே. ஆனால் பூட்டிய சில நாட்களிலேயே நீலத்திரை தோன்றுவதும், கணனி தானாக நின்று மீண்டும் தொடங்குவதும் அடிக்கடி கேட்கும் முறைப்பாடுகளாகிவிட்டன.

இதை விளையாட்டுப் பொருளின் பழுதாக நாம் கருதிவிட முடியாது. குடிவரவுத் திணைக்களத்துக்கு எழுதிய கடிதங்கள், பிறப்புச் சான்றிதழ்களின் பிரதிகள், ஊரில் இன்று இல்லாதவர்களின் படங்கள் என மீண்டும் பெறமுடியாத பலவும் அகதிக் குடும்பமொன்றின் கணனிக்குள்தான் இருக்கின்றன.

ஒரு பிற் புரண்டால்

இன்றைய நினைவகத்தின் அடிப்படையை ஐபிஎம் நிறுவனத்தின் றொபேட் டெனாட் 1966இல் கண்டறிந்தார். 1968இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஒவ்வொரு பிற்றும் நுண்ணிய கொள்ளளவியொன்றில் மின்னேற்றமாகச் சேமிக்கப்படுகிறது. ஓட்டைக் குடத்து நீர்போல அம்மின்னேற்றம் கசிந்துகொண்டேயிருக்கும். அதனால் பொதுவாக 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறையாவது அது புதுப்பிக்கப்படவேண்டும். பழுதான தகட்டிலோ, தாங்கமுடியாத வேகத்தில் ஓடும் தகட்டிலோ இந்த ஒழுங்கு குலைகிறது. 0 என்பது 1 ஆகிறது. 1 என்பது 0 ஆகிறது.

கணனி நின்றுபோவது இதன் ஒரு விளைவு மாத்திரமே. நிற்காமல் பிழையைச் சேமித்துவிடுவது அதைவிட ஆபத்தானது. ஒருங்குறியில் 'அ' என்ற எழுத்தின் எண் 2949, 'க' என்பதன் எண் 2965. வித்தியாசம் 16, அதாவது ஒரேயொரு பிற். அது புரண்டால் 'அண்ணன்' 'கண்ணன்' ஆகிவிடுவான். 1 என்ற இலக்கத்துக்கும் 5 என்ற இலக்கத்துக்கும் இடையிலும் ஒரு பிற்தான் வித்தியாசம். 1961இல் பிறந்தவர் 1965இல் பிறந்தவராகலாம். தஞ்சக்கோரிக்கையில் பிறந்த ஆண்டு முரண்பட்டால் எத்தனை கேள்விகள் எழும் என்பதை வாசகர்கள் அறிவர்.

இது வெறும் கற்பனையன்று. 2003 மே 18இல் பெல்ஜியத் தேர்தலின்போது, ஸ்காபேக் நகரில் வேட்பாளர் ஒருவருக்கு 4096 வாக்குகள் கூடுதலாகப் பதிவாகின. பெறக்கூடியதைவிட அதிக வாக்குகள் விழுந்திருந்ததாலேயே பிழை பிடிபட்டது. 4096 என்பது 2ஐப் பன்னிரண்டு முறை பெருக்கி வரும் தொகை. கணனி நினைவகத்தில் ஒரு பிற் தானாகப் புரண்டதே காரணமாகலாம் என விசாரித்தோர் கருதினர்.

செய்யவேண்டியவை

முதலில், புதிய தகட்டைக் கழற்றிவிட்டுப் பழையதுடன் மாத்திரம் கணனியை இயக்குங்கள். அது ஒழுங்காக ஓடினால், முக்கியமான கோப்புகளை உடனே வெளித்தட்டொன்றில் பிரதிசெய்யுங்கள். பழுதான நினைவகத்தினூடாகப் பிரதிசெய்தால் பிரதியும் பழுதாகலாம் என்பதால் இவ்வரிசை முக்கியமானது.

தகட்டைத் தொடுமுன் மின்னிணைப்பைக் கழற்றுங்கள். மடிக்கணனியாயின் மின்கலத்தையும் துண்டியுங்கள். நோர்வேயின் மாரிகாலத்தில் சூடாக்கிய வீட்டுக் காற்று மிக உலர்ந்திருக்கும். கம்பளிச்சட்டையுடன் தரைவிரிப்பில் நடந்தாலே உடலில் நிலைமின்னேற்றம் சேரும். அது பாய்வதை நாம் உணர ஏறக்குறைய 3000 வோல்ற் வேண்டும். சில்லைக் கெடுக்க அதிலும் மிகக் குறைந்த அளவே போதும். ஆகவே நிறம்பூசாத உலோகமொன்றைத் தொட்டபின், தகட்டை ஓரத்தில் பிடித்துக் கையாளுங்கள்.

அடுத்து, வகையைப் பாருங்கள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்பன ஒன்றுக்கொன்று மாற்றாகா. அவற்றின் வெட்டுகள் வெவ்வேறு இடங்களில் உள்ளன. டிடிஆர்3இல் மாத்திரம் 1.5 வோல்ற், 1.35 வோல்ற் என இருவகை உண்டு. குறைந்த வோல்ற் கேட்கும் மடிக்கணனியில் மற்றையதைப் பூட்டுவது கோளாறுக்கு வழி.

வகை சரியாயின் தகடுகளை ஒவ்வொன்றாக, செருகுவாய்களிலும் ஒவ்வொன்றாக மாற்றிப் பரீட்சியுங்கள். எங்கே பூட்டினாலும் ஒரே தகடு கோளாறு தந்தால் பழுது தகட்டில். எந்தத் தகட்டைப் பூட்டினாலும் ஒரே இடத்தில் கோளாறு வந்தால் பழுது செருகுவாயில். தனித்தனியே இரண்டும் நன்றாக ஓடி, சேர்ந்தால் மாத்திரம் படுத்தால், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தொடக்க அமைப்பில் எக்ஸ்எம்பி என்ற வேகக்கூட்டல் இயங்கினால் அதை நிறுத்துங்கள். பல வேளைகளில் அதுவே போதும்.

பரீட்சைக்கு விண்டோஸிலேயே நினைவகச் சோதனை உண்டு. அதனினும் கடுமையானது மெம்ரெஸ்ற்86. 1994இல் கிறிஸ் பிறேடி எழுதிய நிரலிலிருந்து வளர்ந்தது. இதை யூஎஸ்பி குச்சியிலிருந்து இயக்கி ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரேயொரு பிழை காட்டினாலும் அந்த நிலையில் கணனியைப் பாவிக்கலாகாது. பிழையே காட்டாமலும் புதிய தகட்டைக் கழற்றிய பின்னும் கணனி படுத்தால், காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். மின்வழங்கியையும் வன்தட்டையும் சோதியுங்கள். காரணம் தெரியுமுன் விண்டோஸை மீண்டும் நிறுவாதீர்கள். பழுதான நினைவகத்தில் நிறுவினால் புதிய நிறுவலும் பழுதாகலாம்.

வாங்கியவரின் உரிமை

இணையவழியாகக் கடையொன்றில் வாங்கியதை 14 நாட்களுக்குள் வேண்டாமென அறிவிக்க நோர்வேச் சட்டம் இடமளிக்கிறது. 2002ஆம் ஆண்டின் நுகர்வோர் கொள்வனவுச் சட்டப்படி, பழுதுக்கு இரண்டு ஆண்டுகள் வரை முறையிடலாம். அதிலும் நெடுங்காலம் உழைக்கவேண்டிய பொருட்களுக்கு ஐந்து ஆண்டுகள். பற்றுச்சீட்டையும், பிழை காட்டிய திரையின் படத்தையும் வைத்திருங்கள். மொழி தடுமாறினாலும் இவ்விரண்டும் உங்களுக்காகக் கதைக்கும்.

கணனி திருந்திய பின்னும் ஒரு வேலை எஞ்சியிருக்கும். கோளாறு இருந்த நாட்களில் சேமித்த கடிதங்களையும் படிவங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பெயர்களையும் பிறந்த திகதிகளையும் வழக்கு இலக்கங்களையும் கடதாசி மூலங்களுடன் ஒப்பிடுங்கள். அதன் பின்னரே அவற்றை அலுவலகங்களுக்கு அனுப்புங்கள்.